அரைக் கட்டண லைசென்ஸ்

எனக்கு முப்பத்தைந்திலேயே தலை முழுக்க நரைத்துவிட்டது. ஆக்லாந்துக்கு வந்த புதிதில், எண்பதுகளின் நடுவில், டிரவுட் மீன் பிடிக்க லைசென்ஸ் வாங்க கிளென்ஃபீல்டில் ஒரு கடைக்குப் போனேன். அறுபது தாண்டியவர்களுக்கு அரைக் கட்டணம். கடைக்காரர் என் தலையைப் பார்த்துவிட்டு அந்த அட்டையையே எழுதித் தந்தார். நான் வாயைத் திறக்கவில்லை.

“நாற்பத்தேழு வயசில உங்களுக்கென்ன கிழவன்ரை லைசென்ஸ்? திருப்பிக் குடுங்கோ,” என்றாள் மனைவி.

“ஆர் பாக்கப் போகினம்?” என்றேன்.

அடுத்த சனிக்கிழமையே ஏரிக்கரையில் ஒருவர் பார்த்தார். லைசென்ஸ் பரிசோதிக்க வந்த வெள்ளைக்காரர். அட்டையைப் படித்ததும் அவர் குரல் தணிந்தது. “மேடு வழுக்கும், ஐயா” என்று ஆங்கிலத்தில் சொல்லி, மீனும் தண்ணீருமாக இருந்த என் வாளியைத் தூக்கிக்கொண்டார். வேண்டாம் என்றால் காரணம் சொல்ல வேண்டும். அவர் பின்னாலேயே மேடு ஏறினேன்.

பாதி மேட்டில் மூச்சு வாங்க நின்றார். “எனக்கு ஐம்பத்தெட்டு. இன்னும் இரண்டு வருஷத்தில் எனக்கும் இந்தச் சலுகை கிடைத்துவிடும்” என்று சிரித்தார்.

பென்ரோஸ் கிடங்கில் அப்போது நாள் முழுக்க மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவன் நான். அன்று வெறுங்கையோடு, அவரை முந்திவிடக் கூடாதே என்று, கார் வரைக்கும் கிழவனைப் போலவே நடந்தேன்.

எனக்கு அறுபது தாண்டிப் பல வருடங்களாகிவிட்டன. அரைக் கட்டணம் கேட்க இன்னும் வாய் வந்ததில்லை.