வேர்க்குழியில் ஒரு சூடம்

சுடலைமாடத்தி கோபக்காரி இல்லை. கோபக்காரி நான்தான். அவள் மனசில் இருந்தது வேறு: ஒன்பது வருஷமாக ஆறாத வஞ்சம். மறப்போம் மன்னிப்போம் என்று பேசுகிறவர்கள் அவள் வீட்டில் ஒரு நாள் இருந்து பார்த்துவிட்டுப் பேசட்டும்.

வேம்பாருக்கு மேற்கே எங்கள் ஊர். காற்றில் விழுந்த மரங்களை மிஷின் வாளால் அறுத்து, கருப்பட்டி காய்ச்சுகிற அடுப்புகளுக்கு விறகாக்குவது அவள் தொழில். அறுத்த கொப்புகளை இழுத்துப் போடுவது என் வேலை. முன்பு அந்தத் தொழிலைச் செய்தவன் அவள் புருஷன் செல்லப்பாண்டி. மகாராஜன் அண்ணாச்சியின் தோட்டத்தில் விழுந்த வேம்பை அறுக்கப் போனவன் பிணமாகத் திரும்பினான். அன்று தோட்டத்தில் இருந்தது அவர்கள் இரண்டு பேர் மட்டும்.

"குடிச்சிட்டு வந்து வேர்க்குழியில தலகுப்புற விழுந்துட்டான். அவன ஆஸ்பத்திரிக்கு அனுப்புன பெறவுதான் நானே மரத்த அறுத்தேன்" என்றார் மகாராஜன். பெரிய கடைக்காரர் சொன்னால் ஊருக்கு அது வேதவாக்கு.

செல்லப்பாண்டி கள்ளைக்கூட மோந்து பார்க்காதவன். குளிப்பாட்டும்போது அவனுடைய மூடிய கைக்குள் ஒரு சூடக்கட்டி இருந்ததை மாடத்தி பார்த்தாள். சொன்னாள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மகள் ஜெயபிரியாவைப் பள்ளிக்கூடத்தில் "குடிகாரன் மவ" என்று கூப்பிட்டார்கள். அவளைப் பெண் பார்க்க வந்த வீட்டாரும் அந்தப் பேச்சைக் கேட்டுவிட்டுத்தான் எழுந்து போனார்கள்.

சூடத்தின் சங்கதி இதுதான். வேரை ஒட்டிய அடிமரத்தை நாங்கள் மூடு என்போம். விழுந்த வேம்பின் மூட்டை அறுப்பதற்கு முன்னால், வேர் பெயர்ந்த குழிக்குள் வீட்டுக்காரர் இறங்கிச் சூடம் கொளுத்துவது எங்கள் ஊர் வழக்கம். அம்மன் மரம் அல்லவா? வேட்டியில் சேறு படும் என்று நினைக்கிறவர்கள் வேலையாளை இறக்கிவிடுவார்கள்.

புருஷன் போன மறு வருஷம் மாடத்தி மிஷினைக் கையில் எடுத்தாள். குளத்தூரில் ஒரு புளியமரம். சாய்ந்து கிடந்த தடிமரத்தை மூட்டருகே அறுத்ததும், மண்ணோடு பெயர்ந்து சுவர்போல் நின்ற வேர், பாரம் நீங்கிய வேகத்தில் எழும்பித் தன் குழியையே மூடிக்கொண்டது. மாடத்தி அன்று சாப்பிடவில்லை. செல்லப்பாண்டி எப்படிச் செத்தான் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

போன கார்த்திகைக் காற்றில் மகாராஜனின் வீட்டு வேம்பு வேரோடு சாய்ந்து வாசலை அடைத்துக்கொண்டது. மூன்றாம் நாள் அவர் மகளுக்குக் கல்யாணம். மரம் அறுக்கிற ஆட்கள் எல்லாம் தூத்துக்குடி டவுனில் ரோட்டில் விழுந்த மரங்களை ஒதுக்கப் போயிருந்தார்கள். வேறு வழியில்லாமல் மகாராஜன் மாடத்தி வாசலுக்கு வந்தார்.

"ஏளா மாடத்தி, பழச மனசுல வைக்காத."

"வாரேன் அண்ணாச்சி" என்றாள், மிஷின் வாளின் சங்கிலிப் பல்லை அரத்தால் ராவிக்கொண்டே.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஒனக்கு வெக்கமா இல்லையா?" என்றேன்.

"ஈவாஞ்சலினு, நீ கொப்ப மட்டும் இழு."

இரண்டு நாள் அவ்வளவு நிதானமாக அறுத்தாள். முதலில் கரண்டை நிறுத்தச் சொன்னாள். தடி உருளாமல் இரண்டு பக்கமும் கல் கொடுத்தாள். நுனியிலிருந்து மூட்டை நோக்கி வந்தாள். தரையில் ஊன்றி மரத்தைத் தாங்கிய கொப்புகளைக் கடைசிக்கு வைத்தாள். வில்லாக வளைந்த கொப்பில் முதலில் உள்பக்கம் லேசாகக் கீறிவிட்டு, பிறகு வெளிப்பக்கத்தை அறுத்தாள். அவசரப்பட்டு முதலில் வெளிப்பக்கம் வாளை வைத்தால் கொப்பு தெறித்து முகத்தில் அறையும்.

மூன்றாம் நாள், கல்யாணத்தன்று காலையில் மூடும் கொஞ்சம் தடியும்தான் பாக்கி. மாப்பிள்ளை வீட்டாரும் தெருக்காரர்களும் கூடி நின்றார்கள். மகாராஜனின் மனைவி பிச்சம்மாள் சூடத்தட்டோடு வந்தாள்.

"எறங்குங்க அண்ணாச்சி" என்றாள் மாடத்தி.

அவர் முகம் செத்துவிட்டது. "நீயே கொளுத்திரேன்."

"வீட்டுக்காரர் செய்யணும்லா? நீங்க வெளிய வந்த பெறவுதான் அறுப்பேன்."

சம்பந்தி பார்த்துக்கொண்டிருந்தார். மகாராஜன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழிக்குள் இறங்கினார். தீக்குச்சி உரசும் சத்தம் கேட்டது. வேருக்கு இந்தப் பக்கம் மாடத்தி மிஷினைக் கிளப்பினாள். வாளைத் தடிமேல் வைத்தாள்.

நான் அவள் கையைப் பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை. அறுக்கட்டும் என்றுதான் நினைத்தேன், கர்த்தர் மன்னிக்கட்டும்.

"ஏளா வைக்காத!" குழிக்குள்ளிருந்து அலறல். "அறுத்தா வேர் எந்திரிச்சி மூடிரும்! அவன மூடுன மாதிரி என்னயும் மூடிரும்!"

மாடத்தி மிஷினை நிறுத்தினாள். அப்போதுதான் கவனித்தேன், சங்கிலியைப் பூட்டும் கட்டையை முன்னால் தள்ளியே வைத்திருந்தாள். சங்கிலி சுற்றவே இல்லை, சத்தம் மட்டும்தான் ஓடியிருக்கிறது. சொன்ன சொல்லை அவள் மீறவில்லை.

மகாராஜன் நாலு காலில் தவழ்ந்து சேறும் சகதியுமாக மேலே வந்தார்.

"எவன வே மூடுச்சி?" என்றாள். அண்ணாச்சி போய்விட்டது. சமவயசுக்காரனைக் கூப்பிடுகிற 'வே' வந்துவிட்டது. பிச்சம்மாள் கையிலிருந்து தட்டு விழுந்தது.

"புது மிஷினு... அவசரத்துல நானே வச்சிட்டேன்... அவன் ஏறிட்டான்னு நெனச்சேன். வேரோட ஓரத்துல சிக்கிக் கெடந்தவன நான்தான் இழுத்து எடுத்தேன்."

"குடிச்சிருந்தானா?"

இல்லை என்று அவர் தலையை ஆட்டினார்.

"வாயத் தொறந்து சொல்லும்."

"செல்லப்பாண்டி குடிக்கல."

"கேக்கல."

"குடிக்கல! குடிக்கல!"

மாடத்தி அவரைப் பார்க்கக்கூட இல்லை. எல்லோரையும் தள்ளிப் போகச் சொல்லி, குழியை ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டு, ஓரமாக நின்று தடியை அறுத்தாள். வேர் விசுக்கென்று எழும்பி, எரிந்துகொண்டிருந்த சூடத்தின்மேல் தொம்மென்று உட்கார்ந்தது. தரை அதிர்ந்தது.

இடுப்பளவு மூடு வாசலுக்குப் பக்கத்தில் நட்டுக்கொண்டு நின்றது. அதையும் தோண்டி எடுக்கச் சொல்லி ஆள் அனுப்பினார் மகாராஜன். அவள் போகவில்லை. சுற்று வட்டாரத்தில் வேறு எவனும் அதைத் தொடாதபடி பார்த்துக்கொண்டாள்.

கல்யாணம் நடந்தது. விழுந்த மரத்தின் மூடு எப்படி நிமிர்ந்து நிற்கிறது என்று கேட்காத விருந்தாளி இல்லை. நாங்கள் பதில் சொல்லாமல் ஒருவரையும் அனுப்பவில்லை.