டிம்பிள் வழி வந்தவை

முயல் வேட்டைக்கென்றே இருந்த எங்கள் ஸ்கார்பெக் பீகிள் நாய்ப்படைக்கு நூறு வயதாகிறது, அதன் வரலாற்றை எழுது என்று கமிட்டி என் தலையில் கட்டிவிட்டது. கமிட்டியில் எட்டுப் பேர். எட்டுப் பேருக்கும் வேறு யாராவது எழுதினால்தான் பிடிக்கும். வம்சப் பதிவேட்டைப் புரட்டினால், எந்த நாயைப் பிடித்தாலும் 1968இல் பிறந்த டிம்பிள் என்ற பெட்டையில்தான் போய் முட்டுகிறது. அவளோடு பிறந்த டெய்ன்டிக்கு ஒரே வரி: ‘வளர்ப்பு வீட்டில் இறந்தாள்.’

இரண்டையும் வளர்த்தவர் வின்னி ஹெஸ்கெத். ஆட்டுப்பண்ணைக்காரரின் மனைவி. வருடா வருடம் படையிலிருந்து இரண்டு குட்டிகளை வாங்கி, கோழி, பூனை, ஆடு எல்லாவற்றோடும் பழக்கி, அடுத்த வசந்தத்தில் திருப்பிக் கொடுப்பார். கொடுக்கும்போதெல்லாம் இதோடு போதும் என்பார். ஜூனில் பார்த்தால் அடுப்படியில் புதிதாக இரண்டு கிடக்கும். நாற்பத்தோரு வருடம் இப்படி. படை அவர் வயல் பக்கம் ஓடும் நாளில் மழையானாலும் வாசல் கதவருகே நிற்பார். வளர்த்த பாசம் என்று உருகி நான் ஒரு பத்தியே எழுதி வைத்திருந்தேன்.

டெய்ன்டி எப்படிச் செத்தாள் என்று கேட்கப் போனேன். வின்னி தேநீரைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார். மார்ச் மாதம், ஆடுகள் குட்டி போடும் நேரம். மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால், ஒரு நாய்க்குட்டி ஆட்டுக்குட்டியின் காதைக் கவ்வி இழுக்கிறது. பூட்ஸை மாட்டிக்கொண்டு இறங்கி ஓடுவதற்குள் நாய்க்குட்டிகள் இரண்டும் துவைக்கும் கொட்டகைக்குள் வந்து உட்கார்ந்துவிட்டன. இரண்டின் மேலும் ஒரே சேறு. ஆட்டைத் தொட்ட வேட்டைநாயை எங்கள் பக்கம் உயிரோடு விடுவதில்லை. அந்த உறுதியில்தான் பண்ணைக்காரர்கள் எங்களைத் தங்கள் நிலத்தில் ஓட விடுகிறார்கள். படையின் நாய்களைப் பார்த்துக்கொண்ட சைலஸ் துப்பாக்கியோடு வந்து, எது என்று கேட்டார்.

“எதுன்னு எனக்குத் தெரியலப்பா,” என்றார் வின்னி என்னிடம். “டிம்பிள் என் கால் மேல தலைய வெச்சுத் தூங்குவா. அதனால டெய்ன்டியக் காட்டிட்டேன்.”

அந்தக் கோடையில் நடந்த குட்டிகள் கண்காட்சியில் டிம்பிளுக்கு முதல் பரிசு. வளர்த்தவருக்கு வழக்கமான வெள்ளிக் கரண்டி. அதை ஒரு நாளும் கோப்பையில் போட்டதில்லையாம். கதவருகே நின்று அவர் இத்தனை வருடமும் பார்த்தது நாய்களின் அழகை அல்ல. டிம்பிள் வழி வந்தது ஏதாவது ஆடுகள் பக்கம் தலையைத் திருப்புகிறதா என்று. ஒன்றுகூடத் திருப்பவில்லை. டிம்பிள் குற்றமற்றவள் என்பதாலா, சைலஸ் அப்படிப் பழக்கியதாலா? அவருக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை. வீட்டுக்கு வந்து பாசப் பத்தியைக் கிழித்துப் போட்டேன்.

போன மார்ச்சில் பருவத்தின் கடைசி ஓட்டம். முயல் வேட்டையைச் சட்டம் நிறுத்தியபின், வாசனை தோய்த்த துணியை முன்னால் இழுத்துப் போய் அந்தத் தடத்தில்தான் நாய்களை விடுகிறோம். வின்னியோடு நானும் கதவருகே நின்றேன். கூச்சலோடு படை வந்தது. டிம்பிள் வழி வந்த டாம்சல் என்ற இளம் பெட்டை மட்டும் பிரிந்து வேலியோரம் போய், ஒரு முன்காலைத் தூக்கியபடி வயலுக்குள் பார்த்தாள். உள்ளே ஆட்டுக்குட்டிகள். யாரோ அதட்டியதும் திரும்பி ஓடிவிட்டாள்.

வின்னி என் சட்டைக்கையைப் பிடித்தார். “என்னத்தப் பாத்தா அவ?”

“முயலு. புல்லுக்குள்ள உக்காந்திருந்துச்சு.”

முயல் இருந்ததா? ஏதோ பழுப்பாகத் தெரிந்தது. மண்கட்டியாகவும் இருக்கலாம். சத்தியமாக எனக்குத் தெரியாது.

வின்னி என் முகத்தையே பார்த்தார். “உங்கப்பனுக்கும் பொய் சொல்ல வராது,” என்றார். என் சட்டைக்கையை விட்டுவிட்டு, “டெய்ன்டி பேருக்குப் பக்கத்துல ஒரு வரி சேத்துக்க கண்ணு. அவ ஒண்ணும் பண்ணலன்னு.”

சேர்த்துவிட்டேன். கமிட்டி ஆதாரம் கேட்கிறது.