ஐம்பத்தெட்டு கிலோ

என் அக்கா வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் எத்தனை மாடிக் கட்டடம் உண்டோ அத்தனையின் மோட்டார் அறையும் அவருக்கு அத்துப்படி. லிஃப்டைத் தாங்க ஒரு கயிறே போதும், ஆனாலும் ஆறு போடுவார்கள் என்று அடிக்கடி சொல்வார். சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும்.

அப்படிப்பட்ட மனுஷர், என்ஜினே இல்லாத விமானம் ஒன்றை வீட்டிலேயே செய்யப் போகிறேன் என்றபோது நான் சிரித்தேன். பதினோரு வருடம் விடாமல் சிரித்தேன். கார் ஷெட்டில் கிளைடரின் உடம்பும் வாலும். கூடத்தில் சோபாவை ஓரங்கட்டிவிட்டு இடது இறக்கை. கண்ணாடி இழைத் துணியை விரித்து, ரெசின் பசையைத் தடவி, காற்றுக் குமிழி நிற்காமல் உருளையால் தேய்ப்பார். அது இறுகும்வரை அந்தப் பக்கம் யாரும் தும்மக்கூடாது. தங்கை வந்தால் உட்கார ஒரு நாற்காலி வேண்டுமே என்ற எண்ணம் அந்த வீட்டில் யாருக்கும் இருந்ததில்லை.

அக்கா சண்டை போடவில்லை. விடுமுறை நாட்களில் பறக்கக் கற்றுக்கொள்ள அத்தான் கிளைடர் கிளப்புக்குப் போனபோது தானும் சேர்ந்துகொண்டாள். உனக்கு ஏன் இந்த வேலை என்று கேட்டேன்.

"அவரு விழுந்தா எதனால விழுந்தாருன்னு எனக்குப் புரியணும்ல."

இது அத்தான் காதில் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து, வரைபடம் இரண்டு அடுக்குத் துணி கேட்ட இடத்தில் மூன்று போட்டார். மூன்று கேட்ட இடத்தில் ஐந்து. "இருந்துட்டுப் போகட்டும்" என்பார்.

எல்லாம் முடிந்து, கிளப்பின் ஆய்வாளர் தராசுகளோடு வந்தார். நிறுத்துப் பார்த்துவிட்டு, குறித்த எண்களை இன்னொரு முறை கூட்டினார்.

"வேலை சுத்தம் சார். பலமும் வேண்டியதுக்கு மேலயே இருக்கு. ஆனா மொத்த எடைக்கு ஒரு வரம்பு இருக்குல்ல? ஓட்டுறவருக்கு மிச்சம் அம்பத்தெட்டு கிலோதான். பாராசூட்டையும் சேர்த்து."

அத்தான் மட்டுமே எழுபத்தாறு கிலோ. ஒட்டியதைப் பிரிக்க முடியாதா என்று கேட்டேன். இறுகியது இறுகியதுதானாம்.

"எத்தனை பேரை லிஃப்ட்லேர்ந்து இறங்கச் சொல்லியிருப்பேன்," என்று அத்தான் சிரிக்கப் பார்த்தார். எனக்கு முதல்முறையாகச் சிரிப்பு வரவில்லை.

ஐந்து மாதம் வயிற்றைக் கட்டினார். அதற்கிடையில் கிளப்பின் ஒல்லியான பயிற்சியாளர் சோதனைக்காக நான்கு முறை ஓட்டிப் பார்த்து, குறை ஒன்றுமில்லை என்றார். அந்த நான்கு முறையும் அத்தான் கிளப் ஷெட்டுக்குப் பின்னால் போய், தரையைப் பார்த்தபடி நின்றார். எடை அறுபத்தெட்டுக்குக் கீழே இறங்க மறுத்தது. கன்னம் ஒட்டிப்போய், நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. டாக்டர் போதும் என்றார். அக்கா தட்டு நிறையச் சாப்பாட்டைப் போட்டு எதிரில் உட்கார்ந்துகொண்டாள்.

அன்று மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். கையைக் கழுவிவிட்டு வந்து, "நீ ஓட்டு," என்றார். அக்கா நாற்பத்தொன்பது கிலோ.

"எனக்கு எதுக்குங்க? அது உங்க ஆசை."

"நீ ஓட்டினாத்தான் நான் நிமிர்ந்து பாப்பேன்."

அந்த வாரக் கடைசியில் அக்கா பாராசூட்டை மாட்டிக்கொண்டு கிளைடரில் ஏறினாள்.

இறக்கை நுனியைப் பிடித்துக்கொண்டு அத்தான்தான் ஓடினார். முன்னால் ஒரு விமானம் கயிறு கட்டி இழுக்க, வேகம் கூடியதும் கையை எடுத்துவிட்டார். மேலே போய்க் கயிற்றைக் கழற்றிவிட்டு அக்கா வட்டமடித்தாள். நல்ல வெயில், தூக்கிவிடும் காற்று. மூன்று மணி நேரம்கூட இருக்கலாம் என்று கிளப்பில் பேசிக்கொண்டார்கள். கால் மணி நேரத்தில் இறங்கிவிட்டாள்.

அத்தான் விழுந்தடித்து ஓடிக் கண்ணாடி மூடியைத் திறந்தார். "என்ன ஆச்சு? எங்கயாவது சத்தம் கேட்டுச்சா?"

"ஒரு சத்தமும் இல்ல. அவ்வளவு நல்லா செஞ்சிருக்கீங்க." அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மேலேருந்து நம்ம வீட்டுக் கூரை தெரிஞ்சுது. இங்க பாருங்கன்னு திரும்பினேன். பக்கத்துல சீட்டே இல்லையே."

அத்தான் அழுதுவிடுவார் என்று நினைத்தேன். அழுதது நான்தான். அவர் குனிந்து, அக்கா தளர்த்தியிருந்த தோள் பெல்ட்டை மறுபடி இழுத்துக் கட்டினார்.

"இன்னொரு தடவை போ," என்றார். "இந்தத் தடவை அவசரப்பட்டு இறங்காத. நான் இங்கதான் நிக்கிறேன்."