மாமனார் வராத மூன்றாம் பாகம்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே முதலாளி பாய் என் கையில் மைக்கைக் கொடுத்தார். ஆம்பூரில் தோல் மண்டி வைத்திருந்த அவர், எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு பழைய தியேட்டரையும் வாங்கியிருந்தார். நான் அதற்கு மேனேஜர்.

"இங்கிலீஷ் படம் போடப் போறேன், வாடகை கம்மி. நீ காலேஜ் படிச்சவன்தானே? படம் ஓடறப்போ தமிழ்ல சொல்லிக்கினே இரு."

"பாய், எனக்கே பாதிதான் புரியும்."

"பாதி போதும். அவங்களுக்கு அதுவும் புரியாதே."

படத்தின் கதை எளிது. ஓர் அமெரிக்கக் குமாஸ்தா வேற்றுக்கிரகத்துப் பெண்ணைக் கட்டிக்கொள்கிறான். பெண்ணின் அப்பா ராக்கெட்டில் வந்து இறங்கி, அவன் வீட்டிலேயே தங்கிவிடுகிறார். கோபம் வந்தால் அவர் முடி பச்சையாகும். பசித்தால் பல்பைக் கழற்றித் தின்பார். விஞ்ஞானத்தை நான் விளக்க வேண்டிய அவசியமே வரவில்லை. மாமனார் வந்து தங்கினால் வீடு என்ன ஆகும் என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஷூ கம்பெனிப் பெண்கள் குடும்பத்தோடு வந்தார்கள். இரண்டாம் பாகத்தில் மாமியாரும் வந்து சேர, கூட்டம் இன்னும் ஜாஸ்தியானது.

பொட்டி வந்த அன்று

மூன்றாம் பாகம் வருகிறது என்றதும் பாய் ஊரெல்லாம் மாமனார் முகம் போட்ட போஸ்டர் ஒட்டினார். ஞாயிறு காலை படப் பொட்டி வந்தது. ரீலைச் சுற்றிப் பார்த்த ஆபரேட்டர் இறங்கி வந்தார்.

"சார், இதுல மாமனாரே இல்ல. அந்த வீட்டு நாய்தான் இருக்குது."

மெட்ராஸ் விநியோகஸ்தருக்குப் போன் போட்டோம். "அதே குடும்பம்தான் சார், நாயோட தனிக்கதை" என்றார்.

"நாய்க்குத் தனிக்கதையா? எனக்கே கெடையாதுப்பா!" என்று பாய் தலையில் கை வைத்தார்.

மேட்னி ஹவுஸ்ஃபுல். சற்று நேரத்திலேயே நடு வரிசையில் முனியம்மா எழுந்து நின்றாள். அவள் ஷூ கம்பெனியில் தையல் மிஷின் ஓட்டுபவள்.

"இன்னாங்க, மாமனார் எப்ப வருவாரு? அவரைப் பாக்கணும்னுதான் எங்க அத்தை முட்டி வலியோட வந்துக்குது!"

விசில் பறந்தது. பின்வரிசையில் நாற்காலி உடையும் சத்தம் கேட்டது. நான் மைக்கோடு உட்கார்ந்திருந்த ஆபரேட்டர் கேபினுக்குள் பாய் ஓடி வந்தார்.

"எதுனா சொல்லுப்பா! பெரிய பேஜாராய்டும்!"

திரையில் நாய் சோபாவில் ஏறிப் படுத்தது. மைக்கைப் பிடித்து மாமனார் குரலில் ஆரம்பித்தேன்.

"மாப்ளே, என்னைத் தெரியல? போன தடவ மனுஷனா வந்தேன், நீங்க மதிக்கல. அதான் நாயா வந்துட்டேன். நாய்க்குனா நேரத்துக்குச் சோறு போடறீங்களே!"

முதலில் சிரித்தது முனியம்மாவின் அத்தைதான். "கரெக்டா சொல்றாரு பாரு!" என்று பக்கத்திலிருந்த மகன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். அப்புறம் தியேட்டரே அதிர்ந்தது.

இடைவேளைக்குப் பிறகு நாய் ஒரு பெட்டை நாயின் பின்னால் ஓடியது. "மரியாதையா முடிச்சுடுப்பா, ஃபேமிலி கூட்டம்" என்று பாய் கெஞ்சினார். "அடடா, உங்க மாமியாரும் வந்துட்டா!" என்றேன். கைதட்டல் அடங்கவே இல்லை.

குடியாத்தத்தில்

மறுவாரம் விநியோகஸ்தரின் ஆள் வந்தார். "கதையையே கெடுத்துட்டீங்களே சார்!" என்று கத்தினார். வெளியே நின்ற கூட்டத்தைப் பார்த்ததும் குரல் இறங்கியது. "மத்த ஊருக்கும் இவரையே பொட்டியோட அனுப்புங்க" என்றார். குடியாத்தம், நாட்றம்பள்ளி என்று பஸ்ஸில் நாயோடு அலைந்தேன்.

நான்காம் பாகம் வந்தது. நிஜ மாமனாரே திரும்பி வந்திருந்தார். இனி என் தொண்டைக்கு ஓய்வு என்று நிம்மதியாகக் குடியாத்தம் போனேன். படம் தொடங்கியது, ராக்கெட் திறந்தது, மாமனார் இறங்கினார். கீழிருந்து ஒரு தறிக்காரர் கையை நீட்டிக் கத்தினார்.

"யோவ், இந்தக் கெழவன் யாரு? நம்ம மாமனாரு நாயாச்சே!"

மைக்கை மறுபடி கையில் எடுத்தேன். இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஆபத்துக்கு ஒரு கதை விட்டால், அடுத்த பாகத்தையும் நீங்களேதான் சொல்ல வேண்டியிருக்கும்.