பேர் வைக்காத கணவர்

எஸ்.எஸ்.சி. தேறி, கண்டியிலுள்ள ஆசிரியப் பயிற்சிக் கல்லூரிக்கு நான் தேர்வானபோது, எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் எழுந்த கேள்வி எப்படிப் படிப்பேன் என்பதன்று. அட்டனிலிருந்து ரயிலில் எப்படித் தனியாகப் போவேன் என்பதே. அப்பாவுக்குத் தோட்டத்தில் லீவு கிடைக்கவில்லை. கொழுந்தெடுக்கும் சித்திதான் வழி கண்டார். அம்மா அபசகுனம் என்று முணுமுணுத்துக்கொண்டிருக்கையிலேயே, மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் கிழங்கைக் கட்டித் தாலிபோல என் கழுத்தில் முடிந்துவிட்டார்.

"இது தொங்குச்சுன்னா ஒரு பயலும் கிட்ட வரமாட்டான். கண்டியில எறங்குனதும் கழட்டிப் பைக்குள்ள போட்டுக்க."

கல்லூரி விடுதியிலோ மணமாகாதவர்களுக்கு மட்டுமே இடம். ஆயினும், வழியில் நேரக்கூடிய தொல்லையையும் ஒரு முடிச்சை அவிழ்க்கும் சிரமத்தையும் எடைபோட்டபோது, முடிச்சே இலேசாகத் தோன்றியது. ஆண்களைப் பற்றிய சித்தியின் கணிப்பு பிசகவில்லை. ஒருவரும் என் பக்கம் திரும்பவில்லை. பெண்களைத்தான் நாங்கள் இருவரும் கணக்கில் எடுக்கவில்லை.

எதிர் இருக்கையில் நல்லதண்ணியைச் சேர்ந்த ஓர் அம்மாள் அமர்ந்திருந்தார். கயிற்றில் மஞ்சளின் ஈரம் காயாததைக் கண்டு விசாரணையைத் தொடங்கினார். புதுப்பெண்ணைத் தனியே அனுப்பிய அந்தப் புருஷனுக்கு எந்தத் தோட்டம்? டயகம என்றேன். அவருடைய அண்ணன் குடும்பமே டயகமயில்தான் இருந்தது. அவசரமாகக் கணவரைப் பொல்பிட்டியவுக்கு மாற்றினேன். பெயரைக் கேட்டபோது மட்டும், புருஷன் பெயரைச் சொல்லாத நம் பெண்களின் வழக்கம் கைகொடுத்தது; தலைகுனிந்துகொண்டேன். நாவலப்பிட்டி தாண்டுவதற்குள், நான் கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டு ஓடிவந்தவள் என்று அவர் தீர்மானித்துவிட்டார்.

பேராதனையில் மெல்ல முடிச்சைத் தடவினேன். சித்தி கொழுந்துக் கூடைக்குப் போடும் முடிச்சையே போட்டிருந்தார், அவிழவில்லை. தாலியையே கழற்றப் பார்க்கிறேன் என்று அம்மாள் என் கையைப் பிடித்தார்; பிறகு விடவேயில்லை. கண்டியில் இறங்கி, என் பெட்டியையும் தூக்கிக்கொண்டு விடுதிவரை நடந்து வந்து, பொறுப்பாளர் அம்மையாரிடம் என்னை ஒப்படைத்தார்.

"புருசனோட கோவிச்சுக்கிட்டு வந்திருக்குங்க. நல்ல வார்த்தை சொல்லித் திருப்பி அனுப்பிருங்க."

அம்மையார் கயிற்றைப் பார்த்தார். மணமானவர்களுக்கு இங்கே இடமில்லை என்றார். நான் ஆசிரியையாவது அந்த மஞ்சள் கிழங்கில் தொங்கிக்கொண்டிருந்தது. சித்தியின் யோசனை முதல் பொல்பிட்டிய வரை அனைத்தையும் ஒப்புவித்தேன். அம்மையார் நம்பியதாகத் தெரியவில்லை. சரி, அந்தக் கணவரின் பெயரையாவது சொல் என்றார்.

"அவருக்கு இன்னும் பேர் வைக்கலைங்க."

அம்மையார் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டே மேசையிலிருந்த கத்தரிக்கோலை எடுத்தார். அம்மாள் கண்களை இறுக மூடிக்கொண்டார். கயிறு அறுந்து கிழங்கு தரையில் உருண்டது. கண் திறந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அப்ப நெசமாவே கல்யாணம் ஆகலியா? டயகமயில எங்க அண்ணன் மகன் ஒருத்தன்..."

அம்மையார் அவரை மரியாதையாக வெளியே அழைத்துச் சென்று, இரும்புக் கதவைப் பூட்டினார். பெண்கள் விடுதிக்குப் பூட்டு எத்துணை அவசியம் என்பதை அப்போதுதான் உணர்ந்தேன்.