காலருக்குள் என் எழுத்து

அல் கோபாருக்கு வடக்கே ஒரு சின்ன ஊரில், லாண்டரி ஒன்றில் பதினோரு வருஷம் இஸ்திரி போட்டேன். உள்ளூர்க்காரர்கள் உடுத்துகிற தோப் இருக்கிறதே, கணுக்கால் வரை தொங்கும் அங்கி, எல்லாம் ஒரே வெள்ளை, ஒரே வெட்டு. பெயர் எழுதி வைக்கலாமென்றால் தெருவில் பாதிப் பேருக்கு ஒரே பெயர். அதனால் காலருக்குள் மார்க்கரால் ஒரு தமிழ் எழுத்தும் எண்ணும் போட்டுவிடுவேன். பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவருக்கு ‘வா 7’. என் மனசில் அவர் வாத்தியார். ஊரில் நாலைந்து லாண்டரி உண்டு, ஆனால் இந்த எழுத்து என் கடையில் மட்டும்தான். அதில் எனக்குக் கொஞ்சம் மண்டைக்கனம்கூட இருந்தது.

அந்த வருஷம் வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்ததும், ஜெயிலில் இருப்பவர்களை விடச் சொல்லி ஊர்வலம் கிளம்ப ஆரம்பித்தது. முதல் வாரமே கஃபீல், என் விசாவைக் கையில் வைத்திருக்கிற முதலாளி, வந்து ஷட்டரைப் பாதி இறக்கினார். "எதையும் பாக்காத. யார்கிட்டயும் பேசாத. மாஃபி கலாம்!" என்று விரலை ஆட்டிவிட்டுப் போனார். சரி, பார்க்காமல் இருக்கலாம். துவைக்காமல் இருக்க முடியுமா? சனிக்கிழமை வரும் துணிகளின் ஓரமெல்லாம் டயர்க்கரி. கைப்பகுதியில் வெங்காய வாடை. கண்ணீர்ப் புகைக்கு வெங்காயத்தை முகர்ந்துகொள்வார்களாம். வாரத்துக்கு வாரம் துணி குறைந்தது. சில எண்கள் திரும்ப வரவே இல்லை.

வாத்தியாரின் தம்பி ஜெயிலில் இருந்தான். எந்த ஜெயில் என்று வீட்டுக்குச் சொல்லவில்லை. ஒருநாள் துணியைக் கொடுத்துவிட்டு என்னிடம் கேட்டார்: "அரசாங்கத்த எதுத்தா அல்லாவையே எதுத்த மாதிரின்னு ஜும்மாவுல சொல்றாங்க. என் தம்பி எங்கன்னுதான நான் கேக்கறேன்?" "அச்சா, அச்சா" என்று சொல்லி ரசீதைக் கிழித்துக் கொடுத்தேன்.

அடுத்த திங்கள் மதியம் ஒருவர் பிளாஸ்டிக் உறையில் ஒரு தோப்புடன் வந்தார். அடக்கமாக சலாம் சொல்லி, நண்பா என்று கூப்பிட்டார்.

"ஸதீக், இது என் துணியோட மாறி வந்திருக்கு. யாரோடதுன்னு சொல்லு, நானே குடுத்துடறேன்."

துணி மாறுவதுதான் எங்கள் தொழிலில் பெரிய தலைவலி. தொலைத்தவன் கத்துவான், மாற்றி எடுத்துப் போனவன் வாயே திறக்கமாட்டான். தானாகத் திருப்பிக் கொண்டுவருகிறவரைக் கண்டால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். காலரைப் பிரித்தேன். வா 7.

"மாஸ்டரோடது! ரெண்டு தெரு தள்ளி, பச்சை கேட் வீடு" என்று மளமளவென்று சொன்னேன். நன்றி வேறு சொன்னேன், இரண்டு தடவை.

அவர் துணியை மடிக்கும்போதுதான் கவனித்தேன். அக்குளிலிருந்து அடிவரை கிழிந்திருந்தது. ஓடுகிறவனை யாரோ எட்டிப் பிடித்திருக்கிறார்கள், துணி மட்டும் கையில் மிஞ்சியிருக்கிறது. இந்த ஆள் ஒருநாளும் என் கடைக்குத் துணி போட்டவரில்லை. நான் கிழிசலைப் பார்த்ததை அவரும் பார்த்தார். "கலாஸ், முடிஞ்சுது" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

ஓடிப் போய்ச் சொல்லியிருக்கலாம். இரண்டே தெரு. வாத்தியார் பள்ளியிலிருந்து வர இன்னும் அரைமணி இருந்தது. நான் இஸ்திரிப் பெட்டியை எடுத்தேன். விசா, ஊரில் இருக்கும் பிள்ளைகள் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டு ஆறு சட்டை தேய்த்தேன். கோழை நான், வேறு வார்த்தை இல்லை. நம்பர் பிளேட் இல்லாத இரண்டு ஜீப் கடையைத் தாண்டிப் பச்சை கேட் பக்கம் போனது ஓரக்கண்ணில் தெரிந்தது. தலையைக்கூடத் தூக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து வாத்தியாருடைய அம்மா வந்தார். கையில் புதிதாகத் தைத்த தோப். தம்பியைப் போலவே வாத்தியாரையும் எங்கே வைத்திருக்கிறார்கள் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

"கோர்ட்டுக்குக் கொண்டுவரும்போது போட்டுக்கட்டும். நல்லாத் தேய்ச்சுக் குடு" என்றார். பிறகு காலரைத் திருப்பி என் முன்னால் விரித்தார். "உன் எழுத்தை மறக்காமப் போடு. அது இருந்தா எங்க போனாலும் வீடு வந்து சேந்துடும்னு என் மகன் சொல்வான்."

மார்க்கரை எடுத்து எழுதினேன். மை காய்வதற்காக அவர் கையால் விசிறிக்கொண்டே இருந்தார்.