சமையலறைக்கு வைத்த காசும் ஒரு சிவப்பு வண்டியும்

எம்லின் அந்தக் காரை வீட்டுக்கு ஓட்டிவந்த சனிக்கிழமை, அவன் மனைவி நெஸ்டா சமையலறைக்கு டைல்ஸ் பார்க்க கார்டிஃப் போயிருந்தாள். திரும்பி வந்தவள் வாசலில் நின்ற சிவப்பு வண்டியைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனாள். அடுத்த வீட்டில் இருப்பவன் நான். எங்கள் தெருவில் சுவர்கள் அவ்வளவு தடிமன் இல்லை.

"வாசல்ல யாரு வண்டி?"

"நம்ம வண்டி."

"நம்ம வண்டி வெள்ளையா இருக்கும். எதிர்ல நிக்குது பாரு."

"இது ரெண்டாவது."

பிறகு சமையலறைக் கதவு அறைந்து சாத்தப்படுகிற சத்தம் கேட்டது.

பார்வைக்கு அது சந்தைக்குப் போய்வருகிற சின்னக் கார்தான். மூன்று கதவு, பின்னால் காய்கறிப் பை வைக்கிற இடம். ஆனால் அதன் வயிற்றுக்குள் ஒரு பெரிய காரின் எஞ்சினை வைத்துத் தைத்திருந்தார்கள். ஹாட் ஹேட்ச் என்பார்கள். எம்லின் தபால்காரனாகச் சேர்ந்த புதிதில் இந்தப் பள்ளத்தாக்கில் இளவட்டம் எல்லாருக்கும் அதன் மேல்தான் கண். வாங்க வழி கிடைத்தவனுக்கும் இன்சூரன்ஸ் கட்ட வழி கிடைக்காது. முப்பது வருடம் எங்கள் ஊர் ட்ரியோர்க்கியின் மேட்டுத் தெருக்களில் கடிதம் போட்டு ஏறி இறங்கியவன், ஐம்பது தாண்டியதும், சமையலறைக்கென்று இருவரும் சேர்த்ததில் பாதியை எடுத்து அதே வண்டியை, அதுவும் கிழடான பிறகு, வாங்கிவிட்டான்.

நெஸ்டா பள்ளிக்கூடத்து மதியச் சாப்பாட்டுக்குச் சமைப்பவள். அங்கே எல்லாம் பளபளக்கும். வீட்டிலோ கரண்டி இழுப்பறை திறக்க வேண்டுமென்றால் கீழே ஒரு உதை விட வேண்டும். அவள் கோபத்தில் நியாயம் இருந்தது. ஒரு வாரம் கழித்து தீர்ப்பு வந்தது: வண்டி இருக்கலாம், ஆனால் சமையலறைக் காசில் மிச்சமுள்ள பாதியை அவன் கனவில்கூடத் தொடக்கூடாது.

வாங்குவது சுலபம், வைத்துக்கொள்வதுதான் கதை என்பது எம்லினுக்கு அப்புறம்தான் புரிந்தது. முதலில் எஞ்சினுக்குள் ஓடுகிற டைமிங் பெல்ட். அது எப்போது மாற்றியது என்று விற்றவருக்கே தெரியவில்லை. அறுந்தால் எஞ்சினே போய்விடும். பிறகு தண்ணீர்க் குழாய்கள். பிறகு ஹீட்டர், அது கோடையில் மட்டும் வேலை செய்தது. எஞ்சின் எண்ணெய் குடிக்கிற வேகமோ சொல்லி மாளாது. நான் வேலை பார்க்கிற பெட்ரோல் பங்குக்கு எம்லின் வாரம் ஒருமுறை வருவான். விலை கூடிய பெட்ரோலைப் போட்டுவிட்டு, யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்ப்பான், ஏதோ கெட்ட புத்தகம் வாங்குகிறவன் போல.

இதற்கெல்லாம் காசு? வெள்ளிக்கிழமை ரக்பி கிளப்பில் குடிக்கிற பீரை நிறுத்தினான். ஞாயிற்றுக்கிழமைப் பார்சல் வேலையை வாங்கிக்கொண்டான். அந்த அளவு டயர் இப்போது யாரும் அதிகம் செய்வதில்லை, கிடைத்தால் யானை விலை. நான்கு டயரை வாங்கி என் தோட்டத்துக் கொட்டகைக்குப் பின்னால் ஒளித்துவைத்தான். மறுநாள் காலை துணி காயப்போட வந்த நெஸ்டா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, இந்த வருஷம் உங்க தோட்டத்துல டயர் நல்லா வெளஞ்சிருக்கே!"

அவள் சிரிக்கவும் இல்லை, சண்டை போடவும் இல்லை. துணியைக் காயப்போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

இப்படி இரண்டு வருடம் ஓடியது. அப்புறம் எம்லினின் இடது முழங்கால் போய்விட்டது. மேடேறியே தேய்ந்த முழங்கால். அறுவை செய்து புதிய மூட்டு வைத்தார்கள். கிளட்சை மிதிப்பது இடது கால். இரண்டு மாதம் வண்டியைத் தொடக்கூடாது என்றுவிட்டார் டாக்டர். அந்த வண்டியின் கிளட்சோ நல்ல காலுக்கே சவால்.

எம்லின் ஜன்னலோரம் நாற்காலி போட்டு, மழையில் நனைகிற வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். நானும் அங்கே இருந்த ஒரு நாள், பார்க்க வந்த டெல்வின் ஆறுதல் சொல்லவில்லை. டெல்வின் மலையடிவாரத்தில் ஒர்க் ஷாப் வைத்திருக்கிறவன், எம்லினோடு படித்தவன்.

"ஓடற வண்டிய விட நிக்கற வண்டிதான் மாப்ளே செலவு வைக்கும். பிரேக் பிடிச்சுக்கும், பேட்டரி செத்துடும், டயர் ஒரு பக்கமா சப்பையாயிடும். வாரம் ஒரு தடவையாவது யாராவது ஓட்டணும்."

"யாரு ஓட்டுவா?"

டெல்வின் சமையலறைப் பக்கம் தலையை ஆட்டினான். உள்ளே இழுப்பறை உதைபடுகிற சத்தம் கேட்டது.

"அவ ஓட்டமாட்டா."

"கேட்டுப் பாத்தியா?"

"கேக்கற தைரியம் இருந்தா நான் ஏன்டா டயர ஒளிச்சு வைக்கறேன்?"

கேட்கவேண்டிய அவசியமே வரவில்லை. நெஸ்டா உள்ளேயிருந்து கைதுடைத்துக்கொண்டே வந்து, "போட்ட காசு மழையில கரையறத நான் பாத்துட்டு நிக்கமாட்டேன்" என்றாள். இன்சூரன்ஸ்காரர்களுக்கு அவளே போன் செய்தாள். அவள் பெயரையும் சேர்த்தால் கட்டணம் ஏறும் என்று நினைத்தோம். குறைந்தது.

"கூட ஒரு ஆளச் சேத்தா எப்படிங்க குறையும்?" என்று கேட்டாள். அந்தப் பக்கம் ஏதோ சொன்னார்கள். போனை வைத்துவிட்டு, அந்த வண்டி வந்த பிறகு முதல்முறையாக எம்லினைப் பார்த்துச் சிரித்தாள். "நீ ஓட்டறத விட நான் ஓட்டறதுதான் அவங்களுக்கு நிம்மதியாம்."

முதல் நாள் தெருமுனைக்குப் போவதற்குள் மூன்று தடவை எஞ்சின் அணைந்தது. ஸ்டியரிங்கைத் திருப்புவது ஆட்டுக்கல்லைச் சுற்றுவது போல. குதிரைப் பந்தயக்கடை வாசலில் நின்றவர்கள் கைதட்டினார்கள். நெஸ்டா கண்ணாடியை இறக்கி, "குதிரை மேல கட்டற காச என் மேல கட்டுங்கடா" என்றாள். நாலாவது தடவை வண்டி துள்ளிக் கிளம்பியது. பேருந்து நிலையம் வரை போய்த் திரும்பிவிடுவதாகப் பேச்சு. ஒரு மணி நேரத்துக்கு மேலாகியும் ஆளைக் காணோம். எம்லின் ஊன்றுகோலோடு வாசலில் நின்றான். நானும் நின்றேன்.

வந்தாள். கன்னம் இரண்டும் சிவந்திருந்தது, தலைமுடி கலைந்திருந்தது.

"எங்க போயிட்ட?"

"பூல்க் மேல."

பூல்க் எங்கள் மலைப்பாதை. வளைவுக்கு மேல் வளைவு, ஓரத்தில் பள்ளம், நடுவில் செம்மறி.

"ஏன் இவ்ளோ நேரம்?"

"செம்மறி."

"ஒரு மணி நேரமா ரோட்ட மறிச்சுதா?"

"பெரிய மந்தை," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வாரம் ஒருமுறை என்றது, இருமுறை ஆனது. பள்ளிக்கூடம் விட்டதும் நேராக வீட்டுக்கு வரமாட்டாள். ஒருநாள் பங்குக்கு வந்தவள், "எம்லின் போடுவானே, அந்தக் கூடின பெட்ரோல் எது?" என்று கேட்டாள். காட்டினேன். விலைப் பலகையை ஏறெடுத்தும் பார்க்காமல் தொட்டியை நிரப்பினாள். "அவன்கிட்ட சொல்லிடாதீங்க" என்றாள். ஒரே வீட்டுக்கு இரண்டு பக்கமும் ரகசியம் காக்கிற வேலை எனக்கு.

அந்த நேரம் பார்த்து ஆண்டுச் சோதனை வந்தது. அதில் தேறாத வண்டி சாலையில் ஓடக்கூடாது. எம்லின் ஊன்றுகோலோடு டெல்வினின் ஒர்க் ஷாப்புக்குப் போனான், நெஸ்டாவும் கூடப் போனாள். வண்டியைத் தூக்கிவைத்து டெல்வின் அடியில் கை காட்டினான்.

"பின் சக்கரம் ரெண்டும் பாரு, குடிகாரன் மாதிரி உள்பக்கம் சாஞ்சு நிக்குது. அச்சுக்குள்ள பேரிங் போச்சு, அச்சையும் அரிச்சிடுச்சு. முழு அச்சும் மாத்தணும்." கதவுக்குக் கீழே ஓரிடத்தில் ஸ்க்ரூடிரைவரை வைத்து லேசாக அழுத்தினான். பிஸ்கட்டில் இறங்குவது போல இறங்கியது. "துரு. வெட்டி எடுத்துட்டு புதுத் தகடு வச்சு வெல்டிங் பண்ணணும்."

அவன் சொன்ன தொகை, வண்டி வாங்கிய விலையில் பாதிக்கு வந்தது. எம்லின் சக்கரத்தை ஒருமுறை தடவினான். "போதும்," என்றான். "வித்துடறேன். அவ சமையலறைக்கு இது வரைக்கும் நான் பண்ணது போதும்."

நெஸ்டா அப்போதே ஏதாவது சொல்லியிருக்கலாம். இரண்டு வருடமாக அந்த வண்டியைத் திட்டியவள், வாயைத் திறந்து, வேண்டாம் வைத்துக்கொள்ளலாம் என்று எப்படிச் சொல்வாள்? "உன் இஷ்டம்" என்றாள். அன்று இரவு ரொட்டி கருகிய வாசனை எங்கள் வீடு வரை வந்தது. அவள் கையில் எதுவும் கருகி நான் பார்த்ததில்லை.

விளம்பரம் போட்ட முதல் ஞாயிறே பிரிஸ்டலிலிருந்து ஒருவன் வந்தான். பெயர் ஒல்லி, ஆள் கதவு நிறைய இருந்தான். வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, நெஸ்டா வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்தான். எம்லின் கேட்டதால் நானும் போய் உட்கார்ந்தேன். நெஸ்டா தேநீரை டக்கென்று வைத்தாள்.

"என் வீட்டுக்காரர் உங்ககிட்ட எல்லாம் சொன்னாரா தெரியாது. நான் சொல்றேன். அது பெட்ரோல விட எண்ணெய்தான் அதிகம் குடிக்கும்."

"அப்படித்தாங்க குடிக்கும்," என்றான் ஒல்லி.

"மழை பெய்ஞ்சா உங்க வலது முட்டி மேல சொட்டும்."

"எனக்கும் சொட்டும். ஒரு துண்டு வச்சுப்பேன்."

"பெட்ரோல் முள்ளு பொய் சொல்லும். பாதின்னு காட்டினா காலின்னு அர்த்தம். பின் அச்சு போச்சு. கதவுக்குக் கீழ துரு. ஹீட்டர் குளிர்காலத்துல லீவு."

"என்கிட்ட இதே வண்டி ரெண்டு இருக்குங்க," என்றான் ஒல்லி மலர்ந்த முகத்தோடு. "நீங்க சொல்றது எல்லாமே ரெண்டுலயும் இருக்கு. இவ்ளோ தெரிஞ்சு வச்சிருக்கீங்களே, நல்லா பாத்துக்கிட்ட வண்டின்னு இதுலயே தெரியுது. கேட்ட வெலைய தர்றேன்."

பணம் அனுப்ப போனை எடுத்தான். எம்லின் கையை நீட்டினான், கைகுலுக்க. நெஸ்டா இருவருக்கும் நடுவே கேக் தட்டை வைத்தாள்.

"அது விக்கறதுக்கு இல்ல."

"யாரு சொன்னா?" என்றான் எம்லின்.

"நான் சொல்றேன்."

"நெஸ்டா, ரெண்டு வருஷமா நீதானே..."

"ரெண்டு வருஷமா நீ ஓட்டின. நான் ஓட்டல." அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "முப்பது வருஷம் முந்நூறு பேருக்கு உருளைக்கிழங்கு மசிச்சிருக்கேன் எம்லின். அந்த மலை மேல மூணாவது கியர் போடறப்போ, எனக்கு எந்த உருளைக்கிழங்கும் ஞாபகத்துக்கு வரல."

எம்லின் அவளையே பார்த்தான். "சமையலறை?"

"அது எங்க ஓடிப் போகுது? இங்கதான இருக்கும்."

ஒல்லிக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். அவன் கேக்கை வாயில் போட்டுக்கொண்டு, "என் பொண்டாட்டி இப்படி ஒரு தடவையாவது சொல்வாளான்னு இருக்கு" என்றான். போகும்போது லானெல்லி பக்கம் ஒரு காயலான் கடைக்காரரின் நம்பரை எழுதிக் கொடுத்தான். அதே வண்டி ஒன்று முன்பக்கம் நசுங்கி அங்கே கிடக்கிறது, பின்பக்கம் பொன் மாதிரி இருக்கிறது என்றான்.

மறு சனிக்கிழமை நெஸ்டா வெள்ளைக் காரில் லானெல்லி போனாள். என்ன பேரம் பேசினாளோ, டெல்வின் சொன்னதில் கால்வாசிக்கு அச்சு வந்தது. கூடவே ஒரு ஹீட்டரும், மழை சொட்டாத ரப்பர் பட்டையும். அச்சு காரின் பின்கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, அதன் நுனியில் பள்ளிக்கூடத்துச் சிவப்பு ஏப்ரனைக் கொடி போலக் கட்டியிருந்தாள். டெல்வின் கூலியைப் பாதியாகக் குறைத்தான். மீதிப் பாதிக்கு அவள் கையால் நான்கு வாரம் மதியச் சாப்பாடு. வண்டி சோதனையில் தேறியது.

எம்லினின் கால் தேறிவிட்டது, இரண்டு மாதம் முடிந்ததும் ஓட்டிப் பார்த்தான். கிளட்சை மிதித்தால் மூட்டு முனகியது. சாவியை அவளிடமே நீட்டினான். அவனுக்கு வருத்தமா என்று ஒருமுறை கேட்டேன்.

"இருக்கத்தான் செய்யுது," என்றான் உண்மையாக. "ஆனா நான் ஓட்டினப்போ வண்டியத்தான் பாத்தேன். இப்ப பக்கத்துல உக்காந்து அவளப் பாக்கறேன். அவ வளைவுல நாக்க கடிச்சுக்குவா, தெரியுமா? கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷம், இது எனக்குத் தெரியாது." சற்று யோசித்துவிட்டுச் சேர்த்தான், "கைப்பிடிய மட்டும் கெட்டியா பிடிச்சுக்கணும்."

அந்த வருடம் போவதாக இருந்த ஸ்பெயின் பயணத்தை வண்டிச் செலவுக்காக ரத்து செய்தார்கள். சமையலறை ஒவ்வொரு அலமாரியாக வருகிறது, இன்னும் ஒரு சுவர் பாக்கி.

போன மாதம் அபெர்டேரில் அவள் சித்தி மகள் கல்யாணம். போகும் வழியில், மலையிறக்கத்தில், சைலன்சரோடு புகைக்குழாய் கழன்று விழுந்துவிட்டது. எம்லின் இறங்கி ஓடி, துண்டால் பிடித்து எடுத்து, பின் சீட்டில் கல்யாணப் பரிசுக்குப் பக்கத்தில் வைத்தான். தேவாலயத்துக்கு வெளியே அவர்கள் வந்து நின்ற இரைச்சலில் உள்ளே ஆர்கன் வாசித்தவர் நிறுத்திவிட்டார். எல்லோரும் மணப்பெண்தான் வந்துவிட்டாள் என்று எழுந்து நின்று வாசலைப் பார்த்தார்கள். நெஸ்டா தொப்பியைச் சரிசெய்துகொண்டு இருக்கைகளுக்கு நடுவே நடந்து போனாளாம். எம்லின் கையெல்லாம் கரியோடு பின்னால் போனானாம்.

புதுக் குழாய்க்குச் சொல்லிவைத்திருக்கிறாள். பிரான்சிலிருந்து வரவேண்டும், விலையைக் கேட்டபோது எம்லின்தான் தலையில் கைவைத்து, இப்போதைக்கு வேண்டாம் என்றான். நெஸ்டா என்னிடம் வந்து, "உங்க கொட்டகைக்குப் பின்னால கொஞ்சம் இடம் இருக்குமா?" என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறாள்.